காமிக்ஸ் வரையலாமா, மைக் பிடிக்கலாமா?

பெங்களூரில் ஐ.டி. வேலைக்கு நடுவே ‘காமெடியில் ஏதாவது பண்ணணும்’ என்று துடிக்கும் தம்பி, தங்கைகளுக்காக இது.

செலவு: வரைய பேப்பரும் பேனாவும் போதும்; அச்சுக்குப் போனால்தான் பர்ஸ் கிழியும். ஓப்பன் மைக்குக்கு, அதாவது யார் வேண்டுமானாலும் மேடையேறி ஜோக் சொல்லிப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு, அல்சூரிலிருந்து இந்திராநகருக்கு ஆட்டோ காசு.

நேரம்: ஒரு பக்கம் வரைய சனி, ஞாயிறு காலி. மேடையில் நாலைந்து நிமிஷம்தான். பின்னாலிருந்து செல்போன் டார்ச் மின்னினால் இறங்கிவிட வேண்டும், ஜோக் பாதியில் நின்றாலும் சரி.

மொழி: சிக்கலே இங்குதான். கூட்டத்தில் கன்னடம், இந்தி, மலையாளம் எல்லாம் இருக்கும். மாமியார் வீட்டுச் சாம்பாரை வைத்து ஒரு பஞ்ச் விட்டால் மூலையில் ரெண்டு பேர் சிரிப்பார்கள், அவர்களும் நம்ம ஊர்க்காரர்கள். ஆங்கிலத்துக்குத் தாவினால் பஞ்ச் நமத்துப்போகும். காமிக்ஸில் பாதி வேலையை முகபாவமே பார்த்துக்கொள்ளும். தமிழ் வாசகர்களும் இருக்கிறார்கள். 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் இன்னும் வந்துகொண்டிருக்கிறதே!

ஆயுள்: வரைந்தது நிற்கும். மேடைச் சிரிப்பு அன்றைக்கோடு சரி.

கூச்ச சுபாவம், தமிழில்தான் செய்வேன் என்றால் வரையுங்கள். ஜோக் தேறுமா என்று உடனே தெரியவேண்டுமா? மைக்தான். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், சிரிக்காமலே.