கிணத்தடி மோட்டரும் ட்ரிப் சுவிச்சும்: கோண்டாவில் வீட்டில் எட்டு வருடம்

2017 சித்திரை மாதம். அம்மா பூக்கன்றுகளுக்குத் தண்ணி விட மோட்டரைப் போட்டுவிட்டு, அது சுடுகிறதா என்று பார்க்கப் புறங்கையால் தொட்டார். தொட்ட கையை அது உதறி எறிந்தது. "முழங்கையில ஆரோ சுத்தியலால அடிச்ச மாதிரி இருந்தது தம்பி" என்று பிறகு சொன்னார். உள்ளங்கையால் பிடித்திருந்தால் விரல்கள் இறுகியிருக்கும், விட்டிருக்க முடியாது. காலில் இறப்பர்ச் செருப்பும் இருந்தது. அன்றைக்கு அம்மாவைக் காத்தவை அந்த இரண்டும்தான். வீட்டு வயரிங்கில் காக்கக்கூடிய ஒன்றுமே இருக்கவில்லை.

அதே வருடம் ஆவணியில் வயரிங்கை முழுதாக மாற்றினோம். எட்டு வருடம் போய்விட்டது. எது நின்றுபிடித்தது, எது கைவிட்டது, நாங்கள் எங்கே பிழைவிட்டோம் என்பதை எழுதுகிறேன். பழைய கல்வீட்டில் இருக்கிற எங்கட ஆட்களுக்கு உதவும்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அப்பப்பா 1974இல் கட்டிய வீடு. தொண்ணூறுகளில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை, போத்தல் விளக்கில்தான் படித்தோம். கரண்ட் திரும்ப வந்த நாளில் இருந்த சந்தோசத்தில் அதே பழைய வயருக்கே லைன் கொடுத்தோம், ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. 2017இல் திறந்தபோது வயரின் உறை விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. மெயின் போர்ட்டில் மூன்று பீங்கான் பியூஸ், அதில் ஒன்றுக்குள் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பி. கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் ட்ரிப் சுவிச் என்று ஒன்று இல்லவே இல்லை.

வயரிங் வேலைக்கு வந்த இணுவில் ஊர் அண்ணை முதலில் கிணத்தடிக்குத்தான் போனார். மோட்டரிலிருந்து வந்த பச்சை வயரைக் கையில் பிடித்தபடி சுவருக்கு அங்கால் நடந்தார். அந்த வயர் மதில் மூலையில் ஒரு துருப்பிடித்த ஆணியில் சுற்றிக் கிடந்தது. "ஏர்த் வயர் இருக்குத் தம்பி. ஆனா அது ஏர்த்துக்குப் போகேல்லை" என்றார். பச்சை வயரைப் பார்த்தால் ஏர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோகும் இணைப்பு, இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஏர்த் கம்பி அடிப்பது எங்கள் மண்ணில் லேசான வேலை இல்லை. மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். முதல் இடத்தில் மூன்றடியில் 'டங்' என்று நின்றது. இரண்டாவது இடத்தில் அதைவிட முன்னதாகவே கல். குளிக்கிற தண்ணி ஓடுகிற வாழைப் பாத்தியோரம்தான் ஐந்தடிக் கம்பி முழுதாக இறங்கியது. அந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்கும், அதுவும் நல்லதுதான் என்றார் அண்ணை. அவரிடம் ஏர்த் அளக்கும் மீற்றர் இருந்ததால் அடுத்த மாரியிலும் அதற்கடுத்த ஆவணியிலும் கூப்பிட்டு அளப்பித்தேன். மண்ணுக்குப் போக இருக்கிற தடையைத்தான் அது ஓம்ஸில் காட்டும், குறைந்தால் நல்லது. மழைக்காலத்தில் 9 ஓம்ஸ். ஆவணி வெயிலில் அதே கம்பி 34 ஓம்ஸ்.

இந்த இரண்டு இலக்கங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கச் சொல்லுவேன். மோட்டரின் இரும்பு உடம்பில் லைன், அதாவது கரண்ட் வரும் வயர், பட்டுவிட்டது என்று வையுங்கள். 230 வோல்ட்டை 34ஆல் பிரித்தால் ஏழு அம்பியர்கூட வராது. கரண்ட் அளவுக்கு மீறினால் விழுகிற பிறேக்கர் மோட்டருக்கு 16 அம்பியரில் போட்டிருக்கிறது. ஏழு அம்பியர் நாள் முழுக்க மண்ணுக்குள் போனாலும் அது அசையாது, மோட்டரின் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். மழைக்கால 9 ஓம்ஸில்கூட 25 அம்பியர்தான். அதற்குப் பிறேக்கர் சூடேறி விழ நிமிடக் கணக்கில் எடுக்கும். ஒரு ஆளைக் கொல்ல அவ்வளவு நேரம் தேவையில்லை.

ஆகவே எங்கள் கல்லு மண்ணில் ஏர்த் கம்பியும் பிறேக்கரும் மட்டும் போதாது. ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். லைனில் போகிற கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர், அதாவது 0.03 அம்பியர், வேறு வழியால் மண்ணுக்குப் போனால் ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் விழுந்துவிடும். ஏர்த் 34 ஓம்ஸ் என்றாலும் அதற்குக் கவலை இல்லை. வாங்கும்போது அதன் முகத்தில் 30 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சில பழைய வீடுகளில் 100 மில்லி அம்பியர் சுவிச் இருக்கிறது. அது தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும், ஆளைக் காக்க அதை நம்பக்கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கையால் லைனையும் மற்றக் கையால் நியூட்ரலையும் பிடித்தால் எந்த ட்ரிப் சுவிச்சும் விழாது. அதற்கு நீங்களும் ஒரு பல்ப் மாதிரித்தான் தெரிவீர்கள்.

ட்ரிப் விழும் ஒவ்வொரு தடவையும் போர்ட்டுக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் திகதியும் காரணமும் எழுதி வந்தேன். எட்டு வருடத்தில் பதினொரு தடவை. ஒரு தடவைகூடச் சும்மா விழவில்லை.

அதில் மூன்று தடவை ஒரே கேத்தில். எங்கள் கிணத்துத் தண்ணி கல்சியத் தண்ணி, கொதிக்க வைத்தால் வெள்ளைப் படை பிடிக்கும். தண்ணிக்குள்ளேயே சுருள் இருக்கிற பழைய மாதிரிக் கேத்தில் அது. சுருளைச் சுற்றி விரல் தடிப்புக்குச் சுண்ணாம்பு கட்டியிருந்தது. அந்தப் படைக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் சுருளின் உறை வெடித்து, தண்ணிக்குக் கரண்ட் கசிந்திருக்கிறது. முதல் இரண்டு தடவை ஈரம் பட்டிருக்கும் என்று துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். அது எங்கள் பிழை. மூன்றாம் தடவை அதைத் தூக்கி எறிந்தோம். இப்போது சுருள் வெளியே தெரியாத கேத்தில், மாதம் ஒருக்கால் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைத்துக் கழுவுகிறோம்.

மற்றவை வெளி லைட் ஹோல்டருக்குள் எறும்புக் கூடு, மழை நனைத்த கிணத்தடி பிளக், எலி கடித்த வயர் என்று பெரும்பாலும் வளவுப் பக்கம்.

2019 கார்த்திகையில் விழுந்ததுதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. எல்லாப் பிறேக்கரையும் கீழே தட்டினாலும் ட்ரிப் மேலே நிற்கவில்லை, திரும்பத் திரும்ப விழுந்தது. அண்ணை அப்போது கொழும்பில். வேறொருவரைக் கூப்பிட்டோம். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, "இது பழுது. இப்போதைக்கு டிரெக்டா குடுத்து விடுறன், பிறகு பாப்பம்" என்றார். அம்மா கதவடியில் நின்றபடி, "வேண்டாம். இருட்டுக்க இருக்கிறம், அப்பிடியே விடுங்கோ" என்றார். அன்றிரவு போத்தல் விளக்கு.

அடுத்த நாள் அண்ணை போனிலேயே சொல்லித் தந்தார். பிறேக்கர் லைனை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் வெட்டுப்படாது. நியூட்ரல் ஏர்த்தைத் தொட்டாலும் ட்ரிப் விழும். அதனால் பிறேக்கரைத் தட்டிப் பிரயோசனமில்லை, வீட்டில் எல்லா பிளக்கையும் கழற்ற வேண்டும். கழற்றினோம். ட்ரிப் விழாமல் நின்றது. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருக, பிறிட்ஜ் பிளக்கைச் செருகியவுடன், அதன் சுவிச்சைப் போட முன்னமே, விழுந்தது. பிறிட்ஜின் பின்பக்கம் வயர் தகரத்தில் உரசி உறை போயிருந்தது. டிரெக்டாகக் கொடுத்திருந்தால் கரண்ட் அந்தத் தகரத்தைத் தேடி வரும் நாள் தூரத்தில் இருந்திருக்காது. ட்ரிப்பைத் தாண்டி லைன் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், விடாதீர்கள்.

இனி எங்கள் பெரிய பிழை. ட்ரிப் சுவிச்சில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருக்கால் அமத்திப் பார்க்க வேண்டும். 2022 முழுக்க அதை மறந்துவிட்டோம். 2023 தையில் அமத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அமத்தினேன், சத்தமே இல்லை. உள்ளே பொறி இறுகிவிட்டது. எத்தனை மாதம் காவல் இல்லாமல் இருந்தோம் என்று இன்றைக்கும் தெரியாது. அன்று பின்னேரமே புதிது வாங்கிப் போட்டோம். இந்தமுறை 'A' வகை. இன்வேட்டர் வாஷிங் மெஷின் போன்றவை கசியவிடும் கரண்டைப் பழைய 'AC' வகை சரியாகப் பிடிக்காமல் விடலாம். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்ற முன் அம்மாவே அமத்துகிறார். 'டக்' என்ற சத்தம் குசினி வரைக்கும் கேட்கும்.

பிளக் விசயம். வீடு முழுக்க 13 அம்பியர் சதுர முள் பொயின்ட் போட்டோம். அதில் ஏர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளம். அது போனால்தான் உள்ளேயுள்ள மூடி விலகும், பிள்ளைகள் கம்பி செருகாமல் இருக்கத்தான் அந்த மூடி. ஆனால் ரெண்டு முள் சார்ஜரைச் செருக, ஏர்த் ஓட்டைக்குள் பேனையைக் குத்தி மூடியைத் திறக்கிற பழக்கம் எங்கட ஊரில் இல்லாத வீடு குறைவு. எங்கள் வீட்டிலும் இருந்தது. விறாந்தைப் பொயின்ட் ஒன்று அப்படியே தளர்ந்து, சுற்றிவர மண்ணிறமாகக் கருகியதைக் கண்ட பிறகுதான் நிறுத்தினோம். உருண்டை முள் தடிப்பும் சதுர ஓட்டையும் பொருந்தாது, தொட்டும் தொடாமலும் நின்று சூடேறும். SLS (இலங்கைத் தரச்சான்று) முத்திரையுள்ள அடப்டர் மூன்று வாங்கி ஒவ்வொரு அறையிலும் வைத்திருக்கிறோம். மல்டி பிளக்கில் கேத்திலும் அயனும் சேர்த்துப் போடுவதில்லை. 2000 வாட்ஸ் கேத்தில் ஒன்றே 9 அம்பியருக்குக் கிட்ட எடுக்கும். பிளக்குக்குள் இருக்கிற பியூஸையும் பாருங்கள். கடையில் பெரும்பாலும் 13 அம்பியர்தான் போட்டுத் தருவார்கள். மேசை விளக்குக்கும் ரவுட்டருக்கும் 3 அம்பியர் போதும்.

வயர் நிறத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய வயரிங்கில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். புதியதில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் ஏர்த். மூன்று பேஸ் வீட்டில் புதிய முறைப்படி கறுப்பும் ஒரு லைன்தான். பாதி பழசும் பாதி புதுசுமான வீட்டில் நிறத்தை நம்பிக் கை வைக்க வேண்டாம்.

இடி மின்னலுக்கு, திடீரென ஏறும் வோல்ட்டை ஏர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை மெயின் போர்ட்டில் போட்டோம். பச்சைச் சின்னம் இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் செத்துவிட்டது. 2021 ஐப்பசியில் ஒரு இடியோடு சிவப்பானது. ரீவியும் பிறிட்ஜும் தப்பின. ஆனால் ரவுட்டர் எரிந்தது. இடி மெயினால் வரவில்லை, பழைய செப்புத் தொலைபேசி வயரால் வந்தது. அதன் பிறகு சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வானம் கறுத்தால் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றுகிறோம். அதற்கு ஈடாக இன்னும் ஒரு கருவியையும் நான் காணவில்லை. நல்ல ஏர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் வாங்குவது காசுக்கு நட்டம்.

2022இல் கரண்ட் வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனபோது இன்வேட்டரும் பற்றரியும் வாங்கினோம். பற்றரிக்குக் கிணத்துத் தண்ணி விடவே கூடாது, எங்கள் தண்ணி ஆறு மாதத்தில் தட்டுகளைக் கெடுத்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணி மட்டும். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வரும், அதனால் சாமியறைக்குப் பக்கத்தில் இருந்ததைக் காற்றோட்டமான பின்விறாந்தைக்கு மாற்றினோம். அதைவிட முக்கியம், கரண்ட் போய் இன்வேட்டரில் ஓடும்போதும் ட்ரிப் வேலை செய்கிறதா என்று அண்ணையை வைத்துச் சோதித்தோம். செய்யவில்லை. இன்வேட்டர் தரும் நியூட்ரல் ஏர்த்தோடு தொடர்பில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. இன்வேட்டர் பக்கத்துக்கு வேறாக ஒரு ட்ரிப்பும் முறையான ஏர்த் இணைப்பும் போட்டுச் சரிசெய்தார். இன்வேட்டர் வைத்திருக்கிற எல்லோரும் இதைக் கேட்டுச் செய்விக்க வேண்டும். இது ரெஸ்டரோடு வீட்டுக்காரர் செய்யிற வேலை இல்லை.

அந்த வருடம் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஜெனரேட்டரை இரண்டு பக்கமும் முள்ளுள்ள வயரால் சுவர் பொயின்ட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வயரின் மற்ற முள் வெளியே உயிரோடு நிற்கும். மெயின் சுவிச்சைத் தட்ட மறந்தால் வீட்டுக் கரண்ட் வெளி லைனில் ஏறி, ட்ரான்ஸ்போமரால் பெருகி, கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொல்லும். போய்ச் சொன்னோம், கேட்டார்கள். வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடும் சேஞ்ச் ஓவர் சுவிச் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது மீதமிருப்பது வாழைப் பாத்தி. போன வருடம் குளியலறை உள்ளே கட்டியபின் அந்தப் பக்கம் தண்ணி ஓடுவதில்லை, பாத்தியும் காய்ந்துவிட்டது. கடைசியாக அளந்தபோது 51 ஓம்ஸ். ட்ரிப்புக்கு அது இன்னும் போதும், சர்ஜ் புரொடெக்டருக்குப் போதாது. மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் மண் ஆழம் என்று அம்மா சொல்கிறார். அடுத்த ஆவணிக்கு முன் அங்கே இரண்டாவது கம்பி இறக்கி இரண்டையும் இணைக்க அண்ணையிடம் நாள் கேட்டிருக்கிறேன்.