பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பார்க்கிறவங்க, லேபர் ரூமுக்குள்ளே என்ன நடக்கும்னு முதல்ல கேளுங்க

மாசமா இருக்கிறவங்களும், மகளுக்கோ மருமகளுக்கோ ஆஸ்பத்திரி தேடுற அம்மாக்களும் இதை முழுசா படிங்க. என் பிரசவத்துல நடந்ததைத்தான் எழுதுறேன். அதைப் பத்தி நாங்க கொடுத்த புகார் விசாரணையில இருக்கிறதால ஆஸ்பத்திரி பேரை எழுதல. டெல்டாவுல ஒரு டவுன், தனியார் நர்சிங் ஹோம், அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

சுகப்பிரசவத்துக்கு 35,000 ரூபாய் பேக்கேஜ், ஏசி ரூம், அம்மா கூடவே இருக்கலாம். செக்கப்புக்குப் போனப்போ எல்லாம் இப்படித்தான் சொன்னாங்க. இடுப்பு வலி எடுத்துப் போனதும் அம்மாவை லேபர் ரூம் வாசல்லயே நிறுத்திட்டாங்க. உள்ளே ஒடுக்கமான டேபிள்ல மல்லாக்கப் படுக்க வச்சாங்க. என்ன மருந்துன்னு சொல்லாமலே டிரிப்ஸ் ஏத்தினாங்க. அதுக்கப்புறம் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லாம வலி. கொஞ்சம் எழுந்து நடக்கிறேன்னு கேட்டா, "பேசாம படும்மா, கத்தாத"ன்னு அதட்டல். ஆள் மாத்தி ஆள் வந்து கையை விட்டுப் பார்த்தாங்க. பார்க்கட்டுமான்னு ஒருத்தர்கூட கேட்கல. நான் அந்தக் கோலத்துல கிடக்கிறப்போ டியூப்லைட் மாட்ட ஒரு ஆள் ஏணியோட உள்ளே வந்தார். பெத்த தாய்க்கு அனுமதி இல்லாத ரூம் அது. இதை எழுதுறப்போ இப்பவும் கை நடுங்குது.

"வழி திறக்கல, உன் உடம்பு ஒத்துழைக்கல, ஆபரேஷன்தான்"னு என்கிட்ட சொன்னாங்க. அதே நேரத்துல வெளியே என் வீட்டுக்காரர்கிட்ட, "குழந்தைக்குத் துடிப்பு குறையுது, உடனே கையெழுத்துப் போடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. பதறிப் போன மனுஷன்கிட்ட நிரப்பாத ஃபாரத்துல கையெழுத்து வாங்கியிருக்காங்க. கடைசியில பில் 96,000. பேக்கேஜ் சுகப்பிரசவத்துக்கு மட்டும்தானாம்.

ஃபைல் நகலைத் தர முதல்ல மறுத்தாங்க. நோயாளியோ அவங்க சார்பில் ஒருத்தரோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவ ஆவணங்களைத் தரணும்னு மருத்துவ கவுன்சிலோட 2002 விதிமுறையே சொல்லுது. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் கைக்கு வந்துச்சு. குழந்தையோட துடிப்பு ஒவ்வொரு பதிவுலயும் 140-ஐ ஒட்டித்தான் இருக்கு. 110-லேருந்து 160 வரைக்கும் இயல்பு. கர்ப்பவாய் கடைசியா 3 செ.மீ. திறந்திருந்ததா எழுதியிருக்கு. பிரசவ வலியோட தீவிரக் கட்டமே 5 செ.மீ.லதான் ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி தாயும் சேயும் நல்லா இருந்தா அவசரப்படுத்தக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2018-லயே சொல்லியிருக்கு. என் உடம்பு மேல என்ன குறை?

என் சித்தப்பா மக திருவாரூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல பெத்தா. பிரசவத்துல துணைக்கு ஒரு பெண் இருக்கிற ஏற்பாடு நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல 2004-லேருந்தே இருக்கு. சித்தி கடைசி வரைக்கும் இடுப்பைப் பிடிச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்களாம். வராண்டாவுல நடக்க விட்டிருக்காங்க, கஞ்சி குடிக்க விட்டிருக்காங்க. அங்கே பாத்ரூம் மோசம். கூட்டம் ஜாஸ்தி. குழந்தையைக் கையில தர காசு கேட்கிறாங்கங்கிற புகாரும் சில அரசு ஆஸ்பத்திரிகள் மேல உண்டு, அதை மறைக்கல. ஆனா அவ தன் பிரசவத்தைப் பத்திச் சிரிச்சுக்கிட்டே பேசுறா. எனக்கு அந்த டேபிள் நெனப்பு வந்தா தூக்கம் போயிடுது.

ஆபரேஷனே வேண்டாம்னு நான் சொல்லல, உயிர் காக்கிற சிகிச்சை அது. ஆனா தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்கள்ல 63.8 சதவீதம் சிசேரியன், அரசு ஆஸ்பத்திரிகள்ல 36 சதவீதம். சிக்கலான கேஸ் எல்லாம் கடைசியில ஜி.ஹெச்.சுக்குத்தான் வருதுங்கிறதையும் சேர்த்து யோசிங்க.

அதனால ஏழாம் மாசத்துலயே போய்க் கேளுங்க. உள்ளே யாரைக் கூட வச்சுக்கலாம், நடக்க விடுவீங்களா, வலி வர வைக்கிற மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி சொல்லுவீங்களா, திரை இருக்கா. வாய்ப்பேச்சோட விடாம பேக்கேஜுல என்னென்ன அடக்கம்னு எழுதி வாங்குங்க. நிரப்பாத ஃபாரத்துல கையெழுத்துக் கேட்டா, காரணத்தை எழுதச் சொல்லிட்டு அப்புறமா போடுங்க.

ஏற்கனவே இப்படி நடந்தவங்க, மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு மனு கொடுக்கலாம். காசு வாங்கிச் செய்யுற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995-லயே தீர்ப்பு சொல்லியிருக்கு, 2 வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். நாங்க மனு கொடுத்தாச்சு. ஸ்கேன் ரிப்போர்ட், பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தோட ஒரிஜினலும் உங்க கையிலேயே இருக்கட்டும். யார் கேட்டாலும் நகலை மட்டும் கொடுங்க.