பெர்கொலேட்டர்: ஒரு மாதம் புழங்கிப் பார்த்தேன்

காபி ஃபில்டரில் தூளை அழுத்தும் குடை தொலைந்துபோனதால் புது ஃபில்டர் வாங்கலாம் என்று விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். "இதப் பாருங்கண்ணே, அடுப்புல வச்சா அஞ்சு நிமிஷத்துல டிகாஷன் ரெடி, ராத்திரியே போட்டு வைக்க வேணாம்" என்று கடைக்காரர் சொன்னதில் மயங்கி, 1,450 ரூபாய்க்கு ஒரு பெர்கொலேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடியில் தண்ணீர், நடுவே ஒரு குழாய், குழாயின் தலையில் ஓட்டை போட்ட கிண்ணம், அதில்தான் தூள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் குழாய் வழியாக ஏறித் தூள்மேல் கொட்டி, வடிந்து அடிக்கே போய், திரும்பவும் ஏறுகிறது. மூடியில் ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்குள் களக் களக் என்று முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் தேன் நிறம், அப்புறம் கறுப்பு. வேடிக்கை பார்த்ததிலேயே பாதிக் காசு கழிந்துவிட்டது.

குடிக்கத்தான் முடியவில்லை. எப்போதும் வாங்கும் சிக்கரி கலந்த நைஸ் தூளைப் போட்டால் டம்ளர் அடியில் சேறு. சரி என்று சிக்கரி இல்லாமல் ரவை மாதிரி அரைத்து வாங்கினேன். வண்டல் நின்றது, ஆனால் வடிந்த காபியே மறுபடி மறுபடி கொதிப்பதால் ஒரே கசப்பு, பால் விட்டால் வெளிறிப்போகிறது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா, கசாயம் வச்சிருக்க?" என்றார்.

அகராதியும் அம்மா பக்கம்தான். பெர்கொலேட் லத்தீனிலிருந்து வந்த சொல்: 'பெர்' என்றால் ஊடாக, 'கோலாரே' என்றால் வடிகட்டுவது. டிகாஷனுக்கும் மூலம் லத்தீன்தான், அதன் பொருள் கொதிக்கவைத்து இறக்கியது, அதாவது கசாயமேதான். நம் ஃபில்டர் அடுப்பு ஏறுவதே இல்லை, வெந்நீர் தூளுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, அதைப் போய் டிகாஷன் என்கிறோம். கிடந்து கொதிக்கும் இந்தச் சட்டிக்கு வடிகட்டி என்று பெயர். யார் மாற்றி ஒட்டினார்களோ! 1889-ல் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஹான்சன் குட்ரிச் இல்லினாய்ஸ்காரர், கெட்டி டிகாஷனில் பால் விட்டு ஆற்றும் ஊர்க்காரர் இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, அடி சின்னது. கேஸ் அடுப்பின் பெரிய பர்னரில் ஆடுகிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

போன வாரம் மழையில் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுப் பார்த்தேன், அதற்கு அருமை. காபி பழைய ஃபில்டரில்தான், குடைக்குப் பதில் கரண்டியால் தூளை அழுத்திக்கொண்டு. குடை மட்டும் தனியாக எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.