விடுதியா, ஊர் மைதானமா? இராமநாதபுரக் கடற்கரைச் சிறுவர் கால்பந்துக்கு ஏற்ற வழி எது?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நன்றாகப் பந்து ஆடினால், பெற்றோர் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிக்கான தேர்வில் கலந்துகொள்ளச் செய்யலாம். நகரத்தில் கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் பயிற்சி மையத்தில் சேர்க்கலாம். அல்லது ஊர் மைதானத்திலேயே மாலை நேரத்தில் ஆடவிடலாம். இவற்றுள் விடுதியே உயர்ந்தது, ஊர் மைதானம் பொழுதுபோக்குக்கு மட்டுமே உதவும் என்பது பொதுவான எண்ணம். பதின்மூன்று வயது வரையிலாவது இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விடுதியின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தங்குமிடம், சத்தான உணவு, தகுதி பெற்ற பயிற்றுநர், முறையான மைதானம் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் கிடைக்கின்றன. கடலில் கிடைப்பதைப் பொறுத்து வருமானம் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு இது மிகப் பெரிய உதவி. ஆனால் இந்த வழி தேர்விலிருந்து தொடங்குகிறது என்பதையும், அத்தேர்வு ஏழாம் வகுப்பு வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்பிள்ளைகளின் உடல் வளர்ச்சி சராசரியாகப் பதினான்கு வயதையொட்டியே உச்சவேகம் அடைகிறது என்பதால், ஒரே வகுப்பில் படிக்கும் இருவரிடையே உடல் முதிர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவெளி இருப்பது இயல்பு. ஓட்டத்தையும் தாண்டுதலையும் அளக்கும் தேர்வில் முன்னதாக வளர்ந்துவிட்டவன் வெல்கிறான். பந்தைக் காலோடு வைத்திருந்து, தலை நிமிர்த்தி இடைவெளியைப் பார்க்கத் தெரிந்த சிறிய உருவத்தான் வீடு திரும்புகிறான். ஒரே ஆண்டில் பிறந்தவர்களுள்ளும் ஜனவரியில் பிறந்தவர்களுக்கு டிசம்பரில் பிறந்தவர்களைவிட அதிக வாய்ப்புக் கிடைப்பதைப் பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படித் திரும்பி வருபவனுக்கு ஊரில் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் உண்மையான இழப்பு. விடுதி தவறான வழியன்று. நாம் பிள்ளைகளை அதை நோக்கித் தள்ளும் வயதுதான் தவறு.

கட்டணப் பயிற்சி மையம் இராமநாதபுரம் நகரத்துப் பிள்ளைகளுக்கும், ஓரளவு கீழக்கரைப் பிள்ளைகளுக்கும் பொருந்தலாம். இராமேசுவரத்திலிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பள்ளி விட்டுப் பேருந்தேறிப் போய்த் திரும்பும் பிள்ளைக்கு ஆடுவதைவிடப் பயணமே அதிகமாகும்.

ஊர் மைதானம் இன்று இருக்கும் நிலையில் போதுமானதாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல இடங்களில் அது வற்றிய கண்மாயாகவோ கடற்கரை மணலாகவோ இருக்கிறது. சீமைக்கருவேல முள் வெறுங்காலைப் பதம் பார்க்கிறது. மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும்; கால் வலுப்பெறும் என்றாலும், பந்து உருளாததால் தரையோடு பாஸ் கொடுக்கும் பழக்கம் வருவதில்லை. எனவே தொடுதலும் பாஸும் கற்பிக்கக் கெட்டித் தரை வேண்டும். அது சிறிய துண்டு நிலமாக இருந்தாலே போதும். இதைவிடப் பெரிய குறை, பெரியவர்களைப் போலப் பதினொருவர் ஆட்டம் வைத்து, சிறுவனைக் கோல் கம்பத்தருகே நிறுத்திவிடுவது. நாக்-அவுட் கோப்பைப் போட்டிகளோ தோற்ற அணியை ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

இங்கேதான் மற்ற நாடுகளின் மாற்றம் நமக்கு உதவுகிறது. ஜெர்மனி 2024-25 பருவம் முதல், மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இருவர் அல்லது மூவர் அணிகளாக நான்கு சிறு கோல்கள் வைத்து ஆடும் முறையை நாடு முழுவதும் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஐவர், எழுவர், ஒன்பதின்மர் என்று வயதுக்கேற்ப அணி வளர்கிறது. ஆட்கள் குறையக் குறைய ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வருகிறது, முடிவெடுக்கும் தருணங்களும் பெருகுகின்றன. இதற்கு மீனவர் குடியிருப்பின் சிறு திடலும், நான்காம் எண் பந்தும், கோலுக்கு அடையாளமாக வைத்த செருப்புகளும் போதும். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018இல் தொடங்கிய கோல்டன் பேபி லீக் திட்டமும், ஊர்ச் சங்கங்களே சிறுவர் தொடர்களை நடத்தலாம் என்ற எண்ணத்தில் உருவானதுதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தின் ஒரு பகுதி கோடை விடுமுறையோடு சேர்ந்து வருகிறது. தந்தையும் அண்ணனும் ஊரில் இருக்கும் அந்த வாரங்களில், வெயில் ஏறுமுன் காலையிலும் ஐந்து மணிக்குப் பின் மாலையிலும் ஒரு தொடரை நடத்திவிடலாம்.

பெண்பிள்ளைகளின் நிலையைப் பார்த்தால் இந்த ஒப்பீடு இன்னும் தெளிவாகிறது. பன்னிரண்டு வயது மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். அந்தத் தயக்கம் மாறும்வரை அவள் காத்திருந்தால், பந்தோடு பழக வேண்டிய வயது கடந்துவிடும். ஊரறிந்த அக்கா ஒருத்தி பள்ளி மைதானத்தில் நின்று கற்பித்தால் அதே வீடு மகளை அனுப்பும். விடுதியோ நகரத்து மையமோ இந்த ஒன்றுக்கு ஈடாக முடியாது.

ஆகவே ஊர் வழி வெல்வது பயிற்றுநரைப் பொறுத்தது. ஊர்ச் சங்கங்கள் சுழற்கோப்பைக்கும் பரிசுத் தொகைக்கும் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஓர் இளைஞரையும் ஓர் இளம்பெண்ணையும் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்றுநர்களுக்குத் தொடக்கநிலையில் வழங்கும் டி உரிமப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வந்தபின் அவர்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கவும் சங்கம் முன்வர வேண்டும். ஊதியமின்றி நடக்கும் பயிற்சி, வேலை தேடி அவர்கள் வளைகுடாவுக்கோ சென்னைக்கோ புறப்படும் நாளில் நின்றுவிடும். அவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த மாதத்தையும் உயர வளர்ச்சியையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தால், பதினான்கு வயதில் அப்பிள்ளை விடுதித் தேர்வுக்குப் போகும்போது தேர்வாளர்கள் முன் ஒரு நாள் ஓட்டத்தோடு சேர்த்து நான்காண்டுப் பதிவையும் வைக்க முடியும்.