ட்ரவுட் ஃப்ளைக்கு நிறம் முக்கியமா? ஹால்ஃபோர்டும் மேக்ஸ்வெல்லும்

ட்ரவுட் மீனைப் பிடிக்க ஃப்ளை (கொக்கியில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வரும். கொக்கியில் சுற்றும் நூலும் இறகும் இன்ன நிறத்தில்தான் இருக்க வேண்டுமா, அளவும் உருவமும் சரியாக இருந்தால் போதாதா?

இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளில் இது பழைய வழக்கு. ஒரு பக்கம் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட் (1844–1914). மிதக்கும் பூச்சியின் வயிறு, கால், இறக்கை என்று ஒவ்வொன்றின் சாயலையும் பார்த்துப் பார்த்து ஃப்ளை கட்டியவர். கடைசியில் 33 ஃப்ளைகள் கொண்ட வரிசையை வகுத்தார். ஒரே பூச்சியின் ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட அதில் தனித்தனி ஃப்ளை. மறுபக்கம் ஸ்காட்லாந்துக்காரர் சர் ஹெர்பர்ட் மேக்ஸ்வெல். மேஃப்ளை என்ற ஆற்றுப் பூச்சியைப் போன்ற ஃப்ளைகளைச் செக்கச்செவேல் என்றும் பளிச்சென்ற நீலத்திலும் கட்டவைத்து வீசிப் பார்த்தார். மீன்கள் அவற்றையும் எடுத்தன.

மேக்ஸ்வெல் பக்கம் வலுவான காரணம் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். மீனின் கண்ணிலிருந்து அந்த வட்டம் வரை கூம்பு போல விரியும் பார்வையின் கோணம் சுமார் 97 டிகிரி. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். அதற்குள் மிதந்து வரும் ஃப்ளைக்குப் பின்னால் வெளிச்சமான வானம். எதிர்வெயிலில் நிற்கும் ஆளின் சட்டை நிறம் நமக்குச் சரியாகத் தெரியாது, இல்லையா? அதே கதைதான்.

ஆனால் மேஃப்ளை காலத்துச் சோதனையை நான் முழுசாக நம்ப மாட்டேன். பூச்சி கொட்டோ கொட்டென்று கொட்டும் அந்த இரண்டு வாரம் ட்ரவுட் தன் எச்சரிக்கையையே மறந்துவிடும். தவிர, மீனுக்கு நிறம் தெரியாது என்பதும் தவறு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தெரியும். குஞ்சுகளுக்குப் புற ஊதாவும் தெரியும். வெளிறிய ஆற்றுப் படுகையில் பட்டு மேலெழும் ஒளியில் ஃப்ளையின் அடிவயிற்று நிறம் ஓரளவு துலங்கவும் செய்யும்.

ஹால்ஃபோர்டின் வாதம் உண்மையில் நன்றாக எடுபடுவது அவருக்குப் பிடிக்காத இடத்தில்: தண்ணீருக்கு அடியில். மூழ்கிய நிம்ஃப் (நீருக்குள் வாழும் இளம் பூச்சியைப் போன்ற ஃப்ளை) மீது பக்கவாட்டிலும் ஒளி விழுகிறது, மீனும் அதை நேராகப் பார்க்கிறது. அங்கேயும் எந்தத் தண்ணீர் என்பதைப் பார்க்க வேண்டும். தெளிந்த நீரில் முதலில் மங்குவது சிவப்பு. ஆழம் போகப் போக அது கருப்பு மாதிரி ஆகிவிடும். தேநீர் நிறத்தில் இருக்கும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஏரிகளில் நேர்மாறு. நீலம் சட்டென்று மறையும், ஆரஞ்சும் சிவப்பும் தூரம் வரை தெரியும். இருட்டிய பிறகு நிறப் பார்வையே இல்லை. வானத்துக்கு எதிரே தெளிவாக வெட்டித் தெரிவது கருப்புதான்.

என் தீர்ப்பு மிதக்கும் ஃப்ளைக்கு மேக்ஸ்வெல், மூழ்கும் ஃப்ளைக்கு ஹால்ஃபோர்ட். இரண்டிலுமே நிறத்தின் பெயரைவிட வெளிறலா, அடர்த்தியா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். புதிதாகத் தொடங்குகிறவர் பத்து நிறம் வாங்க வேண்டாம். மிதக்கும் ஃப்ளையை ஒரே ஆலிவ் நிறத்தில் 14, 16, 18 என்று மூன்று கொக்கி அளவில் (எண் கூடினால் கொக்கி சிறியது) வைத்துக்கொள்ளுங்கள். நிம்ஃபில் மட்டும் வெளிறியது ஒன்று, அடர்ந்தது ஒன்று. மீன் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் முதலில் அளவைக் குறையுங்கள். அப்புறம் நிறத்தை மாற்றலாம்.