2,480 வெள்ளி போச்சு: ரிசீவர் வாங்கறவங்க முதல்ல பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க

சுங்கை சிப்புட், சுத்துவட்டாரத் தோட்டத்துல இருக்கறவங்க கொஞ்சம் நின்னு படிங்க. தீபாவளிக்கு ஹோம் தியேட்டர் வாங்கலாம்னு காசு சேர்த்து வெச்சிருக்கறவங்க ரெண்டு தடவை படிங்க. நான் வாங்கின ஒரு ஏவி ரிசீவர் (டிவி, பிளேயர் சத்தத்தை வாங்கி எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டற பெட்டி), 2,480 வெள்ளி, பதினோராவது நாள் புகை. கடை பேர் போடல, போட்டா நம்ம மேலயே கேஸ் வரும். ஃபோன்ல லைவ் போட்டு வித்துக்கிட்டு, டவுன்ல ஒரு கடையும் தொறந்து வெச்சிருக்கற ரகம்னு மட்டும் புரிஞ்சுக்குங்க. ரிசீவர் பிராண்டையும் சொல்லல. அது நல்ல ஜப்பான் பிராண்டு, மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல. கடைசியில ரிசீவர் எப்படிப் பார்த்து வாங்கணும்னு ஒண்ணுவிடாம எழுதறேன்.

கடையில சொன்னது: 7.2 சேனல் (ஏழு ஸ்பீக்கர், பாஸுக்கு ரெண்டு சப்வூஃபர்), டால்பி ஆட்மாஸ் (தலைக்கு மேலேர்ந்தும் சத்தம் வர்ற மாதிரி கேக்கறது), 4கே, புது செட், ஒரு வருஷ வாரண்டி. கையில குடுத்தது: ஜப்பான்காரன் அவன் ஊர்ல விக்கறதுக்குன்னு செஞ்ச 100 வோல்ட் செட். யாரோ நல்லா ஓட்டி முடிச்சதைத் துடைச்சு, புது அட்டைப்பெட்டியில போட்டது. நம்ம வீட்டு சுவர்ல வர்றது 230 வோல்ட். இந்த ரெண்டு நம்பரையும் மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

ரிசீவரோட இன்னொரு சாம்பல் நிறத் தகரப்பெட்டி வந்துச்சு. "தோட்டத்துப் பக்கம் கரண்ட் ஏறி எறங்கும்ணே, இடி வேற. அதான் ஸ்டெபிலைசர் ஃப்ரீயா தரோம். ரிசீவரை இதுல சொருகுங்க, இதைச் சுவர்ல சொருகுங்க." இதுலதான் விழுந்தது. சாயங்காலம் மழை இடிச்சு டிவியோ ஆஸ்ட்ரோ பெட்டியோ போகாத வீடு இந்தப் பக்கம் எங்க இருக்கு? நம்ம பயம் என்னன்னு தெரிஞ்சு, அதுக்குத் தகுந்த பொய்யைச் சொல்லியிருக்கானுங்க. அஞ்சு ஸ்பீக்கரை மாட்டி, பாட்டைப் போட்டு, வால்யூமை ஏத்திக் காட்டினாங்க. வாரண்டி கார்டுல கடை முத்திரை குத்தினாங்க. "பிரச்சனைன்னா நேரா வாங்கண்ணே, நாங்க எங்க ஓடிடப் போறோம்?" அந்த வார்த்தைக்கு டுயிட்நவ்ல 2,480 வெள்ளி தட்டியாச்சு.

அந்தப் பெட்டி ஸ்டெபிலைசர் இல்ல. 230-ஐ 100 ஆக்கற ஸ்டெப்டவுன். நிஜமான ஸ்டெபிலைசர்ல உள்ளே வரலாம்னு ஒரு வோல்டேஜ் வரம்பும், வெளியே 230-ன்னும் போட்டிருக்கும். இதுல எழுத்தே இல்லாம வழவழன்னு ஒரு ஸ்டிக்கர். அப்புறமா மல்டிமீட்டரை அவுட்புட்ல வெச்சா 101 வோல்ட்.

கண்ணு முன்னாடியே நாலு தடயம் இருந்துச்சு. முதலாவது ரேடியோ. மின்னல் எஃப்எம் பிடிக்கலாம்னு டியூனரைத் திருப்பினா 94.8, 94.9, 95.0, அடுத்தது 76.0-க்குத் தாவுது. மலேசியாவுல எஃப்எம் 87.5-லேர்ந்து 108 வரை. 76-ல தொடங்கற டியூனர் ஜப்பானுக்குன்னே செஞ்சது. பழைய மாடலா இருந்தா 90-லயே நின்னுடும். கடையில எவனும் ரேடியோவைப் போட்டுக் காட்ட மாட்டான், நாமளும் கேக்க மாட்டோம். ரெண்டாவது, மேல்மூடி ஸ்க்ரூ தலைகள்ல வெள்ளையா கீறல். புது செட்ல ஸ்க்ரூடிரைவர் பட்ட அடையாளம் இருக்கவே கூடாது. மூணாவது, ஸ்பீக்கர் வயர் முடுக்கற டெர்மினல்ல செம்பு உரசின தடம். நாலாவது, ஸ்பீக்கர் தூரம், சத்தம் அளக்கற செட்டப் மைக் வேற பிராண்டோடது. மைக்கும் ரிசீவரும் ஜோடி. வேற மைக்கைச் சொருகினாலும் அளக்கும், ஆனா தப்பா அளக்கும். சென்டர் ஸ்பீக்கர்ல பேச்சு அமுங்கி, சப்வூஃபர் தனியா ஊளையிடும். அப்படித்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு. படத்துல குண்டு வெடிக்கற சீன் வந்தா டக்குன்னு உள்ளே இருக்கற ரிலே (தானா அணைக்கற ஸ்விட்ச்) விழுந்து சத்தம் நின்னுடும். ஸ்பீக்கர் வயர் எங்கயாவது ஒட்டிக்கிச்சோன்னு எல்லாத்தையும் கழட்டி மாட்டினாலும் அதேதான். காரணம் தகரப்பெட்டி. கடைக்காரன் 1,000 வாட்டுன்னான், தூக்கினா ரெண்டு கிலோ சீனி கனம் கூட இல்ல. அவ்வளவு பவருக்கு உண்டான இரும்பும் செம்பும் உள்ளே இருந்தா கை இழுத்துடும். பாஸ் அடிக்கும்போது ரிசீவர் கரண்டை இழுக்கும், பெட்டியால குடுக்க முடியாது, வோல்டேஜ் விழும், ரிசீவர் பாதுகாப்புக்காகத் தன்னையே அணைச்சுக்கும்.

பதினோராவது நாள் ஹாலைக் கூட்டும்போது வீட்டுல யாரோ பெட்டியை நகத்தி வெச்சுட்டு, ரிசீவர் பிளக்கை நேரா சுவர்ல சொருகிட்டாங்க. சொருகத்தான் செய்வாங்க, ஏன்னா அது நம்ம ஊர் மூணு கால் 13 ஆம்பியர் பிளக். ஜப்பான் வயரோட தட்டையான ரெண்டு கால் பிளக்கை விட்டிருந்தா நம்ம சாக்கெட்ல அது நுழைஞ்சே இருக்காது. கடைக்காரன் வயரையே மாத்திக் குடுத்திருக்கான். ஒரு ‘டப்’, மீன் கருகின மாதிரி நாத்தம், ஸ்டாண்ட்பை லைட் செத்துப்போச்சு.

உள்ளே நடந்தது இதுதான். ஸ்டாண்ட்பை போர்டுல கரண்ட் முதல்ல டிசி ஆகும். 100 வோல்ட்டை டிசி ஆக்கினா ஏறக்குறைய 140. அதனால அதுல 200 வோல்ட் வரைக்கும் தாங்கற கெபாசிட்டர் போட்டிருப்பான். 230-ஐ டிசி ஆக்கினா 325. கெபாசிட்டர் தலை பிளந்து உள்ளே இருக்கற தண்ணியைக் கக்கிடும். வோல்டேஜ் எகிறினா காப்பாத்தறதுக்குன்னு லைனுக்குக் குறுக்கே இருக்கற வேரிஸ்டர் ஷார்ட் ஆகி ஃபியூஸை எடுத்துக்கிட்டுப் போகும். மூடியைத் தொறந்தா கெபாசிட்டர், வேரிஸ்டர் ரெண்டும் நான் சொன்ன மாதிரியே போயிருந்துச்சு, வேரிஸ்டர் நிலக்கடலைத் தோல் மாதிரி வெடிச்சு.

பின்பக்கம் ‘ஏசி 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்’னு ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர். ஓரத்துல நகத்தை விட்டு உரிச்சா முழுசா வந்துடுச்சு. அடியில மெஷின்லயே அச்சடிச்சது: 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், பக்கத்துல ஜப்பானோட பிஎஸ்இ மின்பாதுகாப்பு முத்திரை. இதைத் தவறுதலா நடந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. அளவெடுத்து, பிரிண்ட் பண்ணி, ஒட்டியிருக்கான்.

சரி, கடைக்குப் போனா? முதல் நாள் பதில், "இடிண்ணே, இடிக்கு வாரண்டி இல்ல." அன்னிக்கு ஒரு சொட்டு மழை இல்ல. ரெண்டாவது தடவை, "நேரா சொருகினது உங்க தப்பு, அதான் ஸ்டெபிலைசர் குடுத்தோம்ல?" 230 வோல்ட் செட்டை 230 வோல்ட்ல சொருகினா அது எப்படிங்க தப்பாகும்? அந்த ஒரு வார்த்தையிலயே அவன் ஒத்துக்கிட்டான், அது அவனுக்கே புரியல. மூணாவது, "கேஎல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பறோம், ரெண்டு வாரம் ஆகும்." செட்டைக் குடுக்காம சர்வீஸ் சென்டருக்கு நேரா ஃபோன் அடிச்சு சீரியல் நம்பரைச் சொன்னா, அது மலேசியாவுக்கு வந்த செட்டே இல்ல, வாரண்டியும் இல்ல, காசு குடுத்தாலும் எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அதுக்கப்புறம் "பாஸ் ஊர்ல இல்ல". அப்புறம் வாட்ஸ்அப்ல ரெண்டு நீலக் கோடு, பதில் இல்ல. நேத்து ஒரு பொண்ணு கூப்பிட்டு, 300 வெள்ளி வவுச்சர் தரேன், எங்கேயும் எழுதாதீங்கன்னு சொல்லுது. 2,480 வெள்ளிக்கு 300, அதுவும் அவனுங்க கடையிலேயே செலவு பண்ணணும்!

ஒண்ணுவிடாம எழுதறேன்னு சொன்னேன். இருக்கற கோவத்துல முடியல. முக்கியமானதை மட்டும் கடகடன்னு சொல்லிடறேன்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி செட்டைத் திருப்பி வோல்டேஜ் எழுத்தைப் படிங்க. அது ஸ்டிக்கரா அச்சான்னு நகத்தால தடவிப் பாருங்க. வைஃபை, ப்ளூடூத் இருக்கற செட்டுக்கு எம்சிஎம்சி சிரிம் லேபல் (மலேசியாவுல விக்க அனுமதி வாங்கினதுக்கு அடையாளம்) இருக்கணும். ரேடியோவைப் போட்டு 108 வரைக்கும் போகுதான்னு பாருங்க. ஸ்டெப்டவுனோ ஸ்டெபிலைசரோ ‘ஃப்ரீயா’ வந்தா அங்கேயே சந்தேகப்படுங்க.

வாட்டு கணக்குல மயங்காதீங்க. ரிசீவர் அட்டைப்பெட்டியில 1,000 வாட்டுன்னு போட்டிருப்பான். ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓம்ல, ஒரே ஒரு சுரத்துல, 10 விழுக்காடு சத்தம் கெடற வரைக்கும் ஏத்தி அளந்து, அதை ஏழால பெருக்கினது. நீங்க தேட வேண்டிய வரி இது: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், ரெண்டு சேனல் சேர்ந்து ஓட, 0.08 விழுக்காடு மாதிரி சின்ன டிஸ்டார்ஷன் (சத்தம் கெடற அளவு). அந்த வரியில 80 வாட் இருந்தா நம்ம ஹாலுக்குத் தாராளம். ஆட்மாஸ் 5.1.2 (கடைசி ரெண்டு, மேலேர்ந்து கேக்கறதுக்கான ஸ்பீக்கர்) வேணும்னா ஏழு ஆம்ப்ளிஃபையர் சேனல் வேணும், 5.1 ரிசீவர்ல நடக்காது. ஆனா பத்துக்குப் பன்னெண்டு அடி ஹால், ஜிங்க் கூரையில மழை கொட்டும்போது ஆட்மாஸ் எங்க கேக்கப் போவுது? 5.1-ஐ ஒழுங்கா வெச்சாலே போதும்கறது என் கணக்கு.

செகண்ட் ஹேண்டா இருந்தா வருஷத்தைக் கேளுங்க. 2014-க்கு முந்தின செட்ல ஆட்மாஸும் இல்ல, எச்டிசிபி 2.2-வும் (4கே படம் வர வேண்டிய காப்பிப் பூட்டு) இல்ல. 4கே பெட்டியை அது வழியா விட்டா படம் 1080-க்கு எறங்கும், இல்லன்னா கறுப்பா நிக்கும். 2020-ல வந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் சிலதுல சிப் கோளாறு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ல 4கே 120 ஹெர்ட்ஸ் வெச்சா படமே வராது. கேம் விளையாடற பசங்க இருந்தா கடையிலேயே சொருகிப் பாருங்க. டிவியிலயும் ரிசீவர்லயும் இ-ஆர்க் (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ வயர்லயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பற வசதி) இருக்கான்னும் பாத்துக்குங்க. வெறும் ஆர்க்னா சுருக்கின ஆட்மாஸ்தான் வரும்.

இடி இடிச்சா பிளக்கை மட்டும் இல்ல, ஆஸ்ட்ரோ டிஷ் வயரையும் பிடுங்குங்க. அது வழியா வந்து எச்டிஎம்ஐ போர்டைத் தின்னுட்டுப் போகும். ஃபியூஸ் போன செட்ல புது ஃபியூஸைப் போட்டு மறுபடி சொருகிப் பாக்காதீங்க.

கடைக்காரன் கைவிரிச்சா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு, மலாய்ல திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம், கட்டணம் 5 வெள்ளி, மூணு வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயும் போடலாம். 2,480 வெள்ளிக்கு அங்க புகார் பாரம் போட்டாச்சு. உரிச்ச ஸ்டிக்கரை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு வெச்சிருக்கேன். நீங்களும் ரிசிட்டை வாங்கின அன்னிக்கே படம் எடுத்து வெச்சுடுங்க, "சிஸ்டம்ல செக் பண்ணணும்"னு ஒரிஜினலைக் கேட்டா குடுக்காதீங்க. நான் குடுத்துட்டேன், இன்னும் திரும்பி வரல.