துலூஸில் எடுத்த வாடகைக் காரும் கவுன்டரில் விட்ட காசும்

பிரான்ஸ் கிராமப்புறத்தில் சொந்தமாகக் கார் ஓட்டிச் சுற்றலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன ஜூனில் நான், மனைவி, மகள், மாமனார் நாலு பேரும் 16 நாள் போய்வந்தோம். துலூஸ் விமான நிலையத்தில் காரை எடுத்து, ஆல்பி, கோர்த்-சுர்-சியெல், சேன்-சீர்-லாபொப்பி, ரொக்கமதூர், சார்லா என்று சுற்றிவிட்டு, பிரீவ் ரயில் நிலையத்தில் விட்டு, பாரிஸுக்கு ரயில் ஏறினோம். ஊர்களில் எங்களை யாரும் ஒரு காசு ஏமாற்றவில்லை. சார்லா சனிக்கிழமைச் சந்தையில் மாமனார் நீட்டிய ஐம்பது யூரோ நோட்டுக்கு, வால்நட் விற்ற அம்மா சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். போனதெல்லாம் காரை எடுத்த இடத்திலும் விட்ட இடத்திலும்தான்.

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். இந்த வேலையை ஒரு கம்பெனி மட்டும் செய்வதில்லை.

காரை ஒரு இடைத்தரகர் தளத்தில் பதிவு செய்திருந்தேன். 16 நாளுக்கு 520 யூரோ. அதோடு அதே தளத்தில் 96 யூரோவுக்கு 'முழுப் பாதுகாப்பு' என்று ஒன்றையும் வாங்கியிருந்தேன். அது எப்படி வேலை செய்யும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. காருக்கு ஏதாவது ஆனால் வாடகைக் கம்பெனி முதலில் நம் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாம் பிறகு தரகரிடம் விண்ணப்பித்துத் திரும்ப வாங்க வேண்டும். கம்பெனியைப் பொறுத்தவரை அந்தக் காப்பீடு இல்லாத மாதிரிதான்.

கவுன்டரில் இருந்த பெண் நன்றாகத்தான் பேசினார். லைசென்ஸ், ஆர்டிஓவில் வாங்கிய சர்வதேச பெர்மிட், பாஸ்போர்ட் எல்லாம் பார்த்தார். டெபாசிட் 1,200 யூரோ என்றார். ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினேன். ப்ரீபெய்டு செல்லாது, டெபிட் செல்லாது, ஓட்டுநர் பெயரில் இருக்கிற கிரெடிட் கார்டு மட்டும்தான் என்றார். பயணப் பணம் முழுவதையும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றியிருந்தேன். கிரெடிட் கார்டின் லிமிட் ஒன்றரை லட்சம். அதில் லட்சத்துக்கு மேல் 16 நாளைக்கு முடங்கினால் என்ன செய்வது?

நான் யோசிப்பதைப் பார்த்தார். "எங்கள் காப்பீட்டை எடுத்தால் டெபாசிட் 300 தான். நாளுக்கு 24 யூரோ. கீறல் விழுந்தாலும் கவலை வேண்டாம்." தரகரிடம் வாங்கியிருக்கிறேன் என்று தாளைக் காட்டினேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இது இங்கே உதவாது" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது, மகள் தரையில் பையின் மேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சரி என்றேன். 384 யூரோ. டேப்லெட்டில் நாலு இடத்தில் கையெழுத்து, எல்லாம் பிரெஞ்சில். ஆங்கிலப் பிரதி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. கார்டு மெஷினில் ரூபாயா யூரோவா என்று வந்ததை அவரே ரூபாய் என்று அழுத்திவிட்டார். அதில் மாற்று விகிதத்திலேயே ஒரு தொகை போயிருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து ஸ்டேட்மென்ட் பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கே கேட்டாலும் யூரோவையே அழுத்துங்கள்.

கார் பேஸ்மென்ட்டில் நின்றது. அரை இருட்டு. காரின் படம் போட்ட ஒரு தாளும் அதில் இரண்டு பெருக்கல் குறியும் கொடுத்திருந்தார்கள். மாமனார் நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி வைத்திருந்தவர். வண்டி என்றால் முதலில் டயர்கிட்டதான் குனிவார். போனை எடுத்து டார்ச் அடித்து ஒவ்வொரு ரிம்மாகப் படம் பிடித்தார். முன்பக்க வலது சக்கரம் மட்டும் தூணை ஒட்டி இருந்தது. போன் உள்ளே போகவில்லை. "மாப்ளே, வண்டியக் கொஞ்சம் வெளிய எடுங்க, இதையும் பாத்துருவோம்" என்றார். "விடுங்க மாமா, முழு இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

அப்புறம் 16 நாளும் அருமையாகத்தான் போயின. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். லாபொப்பி மேட்டிலிருந்து கீழே ஆறு வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டே ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டோம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். இரண்டேகாலுக்குப் போய் மூன்று ஊரில் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்க்குகளில் ஆள் இருக்க மாட்டார்கள், கார்டு செருகும் மெஷின்தான். முதலில் நூறு யூரோவுக்கு மேல் பிடித்துவைத்துவிட்டு அப்புறம்தான் சரிசெய்யும். கார்டில் இடம் இல்லாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, அங்கே 'கஸோல்' என்று எழுதியிருப்பது டீசல். பெட்ரோல் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள்.

பயணத் திட்டத்தில் என் பெரிய பிழை, காரை ஞாயிற்றுக்கிழமை விடுவதாகப் போட்டது. சிறிய ஊர்களில் வாடகை அலுவலகம் மதியம் இரண்டு மணி நேரம் பூட்டுவார்கள், ஞாயிறு முழுக்கவே மூடியிருக்கலாம். பிரீவில் மூடித்தான் இருந்தது. பார்க்கிங்கில் காரை நிறுத்தி, தபால் பெட்டி மாதிரி இருந்த துவாரத்தில் சாவியைப் போட்டோம். உள்ளே 'டங்' என்று விழுந்தது. ரயிலுக்கு இருபது நிமிஷம்தான் இருந்ததால் ஒரு படம்கூட எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவர்கள் வந்து பார்க்கும்வரை காருக்கு என்ன ஆனாலும் பொறுப்பு நம்முடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதையும் அப்புறம்தான் படித்தேன்.

ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. முன்பக்க வலது ரிம்மில் கீறல், 312 யூரோ. கோப்புச் செலவு, அதாவது சேதக் கணக்கைக் கையாளுவதற்கான கட்டணம், 75 யூரோ. ஆக 387, கார்டிலிருந்து எடுத்தாகிவிட்டது. தூணோரம் நின்ற அதே சக்கரம்.

384 கொடுத்து வாங்கிய காப்பீடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதில் டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் எதுவும் சேராது, ஏழாவது பத்தியைப் பாருங்கள் என்று பதில். முதல் நாள் சாயங்காலம் கோர்த்தில் மாமனார் அந்தச் சக்கரத்தில் கால் வைத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிற படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அதே கீறல். அனுப்பினேன். வண்டி உங்கள் கைக்கு வந்த பிறகு எடுத்த படம், செல்லாது என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் காசு திரும்பி வந்தது எதனால் தெரியுமா? கவுன்டரில் உதவாது என்று தள்ளிவிட்ட அந்த 96 யூரோ தாளால்தான். ஒப்பந்தம், சேத அறிக்கை, இறுதி பில், கார்டு ஸ்டேட்மென்ட் நான்கையும் தரகருக்கு அனுப்பி, நடுவில் இரண்டு முறை நினைவூட்டி, பதினோரு வாரம் கழித்து 312 கிடைத்தது. 75 கிடைக்கவில்லை. கவுன்டரில் கட்டிய 384-க்கு, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று வாடகைக் கம்பெனிக்காரர்கள் கையெழுத்தையே படமாக இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

போகிறவர்கள் செய்ய வேண்டியது: அதிக லிமிட் உள்ள கிரெடிட் கார்டை ஓட்டுகிறவர் பெயரில் வைத்துக்கொண்டு, டெபாசிட் எவ்வளவு என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். வெளியே காப்பீடு வாங்கியிருந்தால் கவுன்டரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முழு டெபாசிட்டையும் முடக்கிக்கொள்ளட்டும் என்று நில்லுங்கள். காரை வெளிச்சத்துக்கு நகர்த்தி நாலு சக்கரத்தையும் வீடியோ எடுங்கள். தாளில் இல்லாத கீறல் எதுவாக இருந்தாலும் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள். விடுகிற நாள், அலுவலகம் திறந்திருக்கிற வேலை நாளாக இருக்கட்டும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது 40 யூரோ தனியாகக் கழிந்தது. வேகமாக ஓட்டியதற்கு என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கான சேவைக் கட்டணமாம். அபராதம் அதில் சேராது. அங்கே சிவப்புக் கரை போட்ட ஊர்ப் பெயர்ப் பலகை வந்தாலே 50 என்று அர்த்தம். வேகத்தை எண்ணில் எழுதியிருக்க மாட்டார்கள். பெயரின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை வந்தால்தான் ஊர் முடிந்தது. நான் பெயரைப் படித்துக்கொண்டே போயிருக்கிறேன். அபராதச் சீட்டு அதற்கும் ஒரு மாதம் கழித்து ஈரோட்டுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. சீக்கிரம் கட்டினால் 90 யூரோ, தாமதித்தால் 135, அதையும் விட்டால் 375. அன்று ராத்திரியே கட்டினேன். ரூபாயா யூரோவா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. யூரோ.